மேகத் தரவுச் சேவையும் பணிவெளியும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை



இன்று பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர் தம் மடிக்கணினியைத் திறந்து, மேகத் தரவுச் சேவை ஒன்றில் பெயரைப் பதிந்து, சில நிமிடங்களில் தமக்கென ஒரு பணிவெளியை அமைத்துக்கொள்கிறார். கோடிக்கணக்கான வரிகள் கொண்ட தரவை ஆராயும் ஆற்றல் அவருடைய விரல் நுனிக்கு வந்துவிடுகிறது. அவர் அமர்ந்திருப்பது கோலாலம்பூரில். கணக்கிடும் பொறி இருப்பது சிங்கப்பூரிலோ ஜொகூரிலோ அதற்கும் அப்பாலோ. இவ்வளவு எளிதாகக் கைகூடும் ஒன்றுக்கு வரலாறு இருக்கிறதா என்று ஐயுறுவோர் உண்டு. வரலாறு இருக்கிறது. அது அறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அதன் பாடங்கள் பல, தவறுகளின் வழியே கற்றவை.

முதலில் ஒரு சொல்லாய்வு. 'வொர்க்ஸ்பேஸ்' என்னும் சொல்லுக்குப் 'பணியிடம்' என்று சிலர் எழுதுகின்றனர். ஆனால் தமிழில் 'பணியிடம் காலியாக உள்ளது' என்றால் அது வேலைவாய்ப்பைக் குறிக்கும். ஆகவே இவ்வுரையில் அதனைப் 'பணிவெளி' என்றே குறிப்பிடுகிறேன். ஒருவர் தம் தரவையும் கருவிகளையும் எழுதிய கட்டளைகளையும் வைத்துக்கொண்டு வேலை செய்வதற்கென, பலர் பங்குகொள்ளும் ஒரு பெரிய கணினியமைப்புக்குள் ஒதுக்கித் தரப்படும் இடமே பணிவெளி.

இத்துறையில் வாடிக்கையாளரைக் குறிக்க 'டெனன்ட்' என்னும் சொல் வழங்குகிறது. குடித்தனக்காரர் என்பதே அதன் பொருள். தோட்டப்புறத்து லயன் வீடுகளில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு இது புதிதன்று. ஒரே கூரை, ஒரே தண்ணீர்க் குழாய், அடுத்தடுத்த அறைகள். எவர் எப்போது தண்ணீர் பிடிப்பது, எந்தக் கதவுக்கு எந்தப் பூட்டு, பொது முற்றத்தை எவர் பெருக்குவது என்னும் ஒழுங்கு இல்லையேல் அங்கே வாழ்வு இல்லை. பணிவெளி அமைப்பதும் அத்தகையதே. அதில் கணினி நுட்பம் பாதிதான். மறுபாதி, பலர் ஒரே வீட்டில் குடியிருப்பதற்கான ஒழுங்கை வகுப்பது. இக்கருத்தை வரலாற்றுச் சான்றுகளால் விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

வரிசையில் காத்திருந்த காலம்

1957 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐபிஎம் 704 என்னும் கணினி நிறுவப்பட்டது. ஒரு பெரிய அறையை நிறைத்த அந்தப் பொறியைத் தனியாக வைத்துக்கொள்ளும் வசதி எவருக்கும் இல்லை. ஆகவே நாளின் 24 மணி நேரத்தை மூன்றாகப் பகுத்து, ஒரு பகுதியை அக்கழகத்துக்கும், ஒரு பகுதியைச் சுற்றுவட்டாரக் கல்லூரிகளுக்கும், ஒரு பகுதியை ஐபிஎம் நிறுவனத்துக்கும் ஒதுக்கினர். கணினிப் பகிர்வின் தொடக்கநிலை இதுவே.

அக்காலத்தில் ஆய்வாளர் கணினியைத் தொடுவதில்லை. தம் கட்டளைகளைத் துளையிட்ட அட்டைகளாக்கி, அட்டைக் கட்டினைச் சாளரத்தில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். இயக்குநர் அதனை வரிசையில் சேர்ப்பார். பல மணி நேரம் கழித்து, சில வேளைகளில் மறுநாள், அச்சிட்ட தாள் கைக்கு வரும். இடையில் ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தால் அந்தத் தாளில் விடை இருக்காது. பிழைச் செய்தி மட்டுமே இருக்கும். மீண்டும் அட்டை, மீண்டும் வரிசை, மீண்டும் ஒரு நாள்.

இதனை மாற்ற வழி சொன்னவர்களுள் முதன்மையானவர் ஜான் மெக்கார்த்தி. மனிதர் சிந்தித்துத் தட்டச்சு செய்யும் வேகம் குறைவு. கணினியின் வேகமோ மிகுதி. ஒருவர் சிந்தித்துக்கொண்டிருக்கும் நொடியில் கணினி வேறு பலருக்கு வேலை செய்யலாம். ஒவ்வொருவருக்கும் கணினி தமக்கே உரியது என்ற தோற்றம் கிடைக்கும். இக்கருத்தை அவர் 1959 ஆம் ஆண்டின் முதல் நாளிட்ட ஒரு குறிப்பில் எழுதினார். இதுவே 'நேரப் பகிர்வு' எனப்பட்டது. 1961 இல் அக்கழகத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி ஆற்றிய உரையில், தொலைபேசியைப்போலக் கணிமையும் ஒருநாள் பொதுப்பயன் சேவையாக அமையக்கூடும் என்றார். மேகக் கணிமையின் வித்து இவ்வுரையில் கிடக்கிறது என்பர்.

மேகக் கணிமையை மின்சாரத்தோடு ஒப்பிட்டு விளக்குவது வகுப்பறைகளில் வழக்கம். பயன்படுத்திய அளவுக்குக் கட்டணம் என்ற வகையில் அது பொருந்தும். ஆயினும் மின்சாரம் எவருடைய இரகசியத்தையும் சுமப்பதில்லை. ஒரு வீட்டில் எரிந்த விளக்கின் வெளிச்சம் அடுத்த வீட்டுக் கம்பிவழியே கசிவதில்லை. தரவோ கசியும். கணினியைப் பொதுப்பயன் சேவையாக்கியோர் மின்வாரியத்துக்கு இல்லாத ஒரு சிக்கலை முதல் நாளிலேயே எதிர்கொண்டனர்.

முதல் கடவுச்சொல்லும் முதல் மீறலும்

1961 நவம்பரில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவும் அவருடைய குழுவினரும் அதே கழகத்தில் நேரப் பகிர்வு அமைப்பு ஒன்றை இயக்கிக் காட்டினர். சிடிஎஸ்எஸ் என்பது அதன் பெயர். பின்னாளில் ஏறத்தாழ 30 பேர் ஒரே வேளையில் தத்தம் தட்டச்சு முனையங்களில் அமர்ந்து அதனைப் பயன்படுத்த முடிந்தது. ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புகள் இருந்தன. ஒருவருடைய கோப்பை மற்றவர் திறவாதிருக்க ஒரு தடை தேவைப்பட்டது. அதற்காகக் கோர்பாட்டோ பயனர்களுக்குக் கடவுச்சொல்லை ஏற்படுத்தினார். கணினியில் கடவுச்சொல்லின் வரலாறு பெரும்பாலும் இங்கிருந்தே சொல்லப்படுகிறது.

தடை தோன்றிய மறு ஆண்டே மீறலும் தோன்றியது. ஆலன் ஷெர் என்னும் முனைவர் பட்ட ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரமே கணினி ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. கோப்பு ஒன்றை அச்சிட வேண்டுமானால் அதன் பெயரைத் துளை அட்டையில் எழுதிக் கொடுத்தால் போதும் என்பதை அவர் அறிந்திருந்தார். 1962 இன் இளவேனிற்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பின் பெயரையே எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை காலை அச்சுத்தாள்கள் வைக்கப்படும் இடத்தில் அனைவருடைய கடவுச்சொற்களும் அவருக்காகக் காத்திருந்தன. அதன்பின் பிறருடைய கணக்குகளில் நுழைந்து தம் ஆய்வை நடத்தினார். ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழித்தே அதனைக் கோர்பாட்டோவிடம் ஒப்புக்கொண்டார்.

மாணவர்கள் இதனைக் கேட்டு நகைக்கலாம். ஆனால் அவர் திருடியது எவருடைய இரகசியத்தையும் அன்று, கணினி நேரத்தை. ஒதுக்கீடு தேவைக்குக் குறைவாக இருந்தது; ஆகவே சுவர் ஏறப்பட்டது. பங்கீடும் பாதுகாப்பும் வெவ்வேறு துறைகள் அல்ல என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. இன்றும் ஒரு பள்ளியிலோ அலுவலகத்திலோ உரிய அனுமதி கிடைக்க நெடுநாள் ஆகுமாயின், ஊழியர்கள் ஒருவர் கடவுச்சொல்லை மற்றவருக்குக் கொடுத்து வேலையை முடித்துக்கொள்வார்கள். குற்றம் அவர்களுடையது மட்டும் அன்று, ஒழுங்கை வகுத்தவருடையதும்தான்.

இரண்டாம் நிகழ்ச்சி 1966 இல் நடந்தது. சிடிஎஸ்எஸ் அமைப்பில் நுழைவோருக்கெல்லாம் அன்றைய அறிவிப்பு ஒன்று அச்சிட்டுக் காட்டப்படும். ஒருநாள் அறிவிப்புக்குப் பதிலாகக் கடவுச்சொற்களின் முழுப்பட்டியலும் ஒவ்வொருவருடைய முனையத்திலும் அச்சாகத் தொடங்கியது. இதில் கயவர் எவரும் இல்லை. நிருவாகிகளுக்கான கணக்கில் இருவர் ஒரே வேளையில் வேலை செய்தனர். ஒருவர் அறிவிப்பைத் திருத்தினார். மற்றவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்தினார். திருத்தும் மென்பொருள் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரைச் சூட்டியது. ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒருவரே இருப்பார் என்று அதனை எழுதியவர் எண்ணியிருந்தார். இரு கோப்புகளும் இடம் மாறிவிட்டன. கோர்பாட்டோ 1990 ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருதைப் பெற்றபோது ஆற்றிய உரையில் இந்நிகழ்ச்சியை எடுத்துரைத்தார். தம் அமைப்பின் தவறைத் தாமே எடுத்துக்காட்டிப் பாடமாக்கிய அந்தப் பண்பு நம் கவனத்துக்குரியது.

பலர் வாழும் வீட்டில் ஒருவருக்காக எழுதிய விதி எங்கோ ஒளிந்திருந்தது. அதனால் வந்த விளைவு இது. இன்றும் ஒரே கணக்கைப் பல ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அவ்வாறு செய்வோர் இந்நிகழ்ச்சியை நினைவில் கொள்ள வேண்டும்.

இப்பாடங்களை உள்வாங்கி 1965 முதல் உருவானது மல்டிக்ஸ் என்னும் அமைப்பு. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அனுமதிப் பட்டியல் இணைக்கப்பட்டது. எவர் படிக்கலாம், எவர் திருத்தலாம், எவர் இயக்கலாம் என்பது பெயர் வாரியாக வரையறுக்கப்பட்டது. கடைசி மல்டிக்ஸ் பொறி 2000 ஆம் ஆண்டில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் நிறுத்தப்பட்டது. பொறி நின்றது, பட்டியல் நிற்கவில்லை. இன்றைய மேகச் சேவைகளின் அனுமதி முறைகள் அதன் வழித்தோன்றல்களே.

'பணிவெளி' என்னும் சொல் பெற்ற பொருள்

பணிவெளி என்னும் கருத்துக்குத் தெளிவான வடிவம் தந்தவற்றுள் குறிப்பிடத்தக்கது ஏபிஎல் மொழி. கனடாவில் பிறந்த கென்னத் ஐவர்சன் 1962 இல் வெளியிட்ட நூலிலிருந்து அம்மொழி கிளைத்தது. 1966 இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் அது நேரப் பகிர்வு அமைப்பாகப் பயன்பாட்டுக்கு வந்தது.

அதில் பயனர் நுழைந்ததும் அவருக்கு ஒரு வெற்றுப் பணிவெளி கிடைக்கும். அவர் வரையறுக்கும் மாறிகளும் செயற்கூறுகளும் அங்கேயே தங்கும். வேலை முடிந்ததும் ஒரே கட்டளையால் அந்தப் பணிவெளி முழுவதையும் பெயரிட்டுச் சேமிக்கலாம். மறுநாள் ஒரே கட்டளையால் மீட்டெடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதன் அளவு சில பத்தாயிரம் பைட்டுகளே. அளவு மீறினால் பணிவெளி நிறைந்துவிட்டது என்ற செய்தி வரும். சேமித்த பணிவெளிகள் தனி நூலகம், பொது நூலகம் எனப் பகுத்து வைக்கப்பட்டன. தேவையானால் கடவுச்சொல்லால் பூட்டவும் முடிந்தது.

இன்று ஒரு மேகத் தரவுச் சேவையில் மாணவர் காண்பதும் இவையே: தனக்கென ஒரு வெளி, அதற்கோர் எல்லை, சேமிக்கும் வசதி, பொதுவில் வைப்பதற்கும் தனியே வைப்பதற்குமான பிரிவு. அளவு பல கோடி மடங்கு பெருகிவிட்டது. அமைப்பின் எலும்புக்கூடு மாறவில்லை.

பகிர்ந்த தரவும் அனுமதியும்

பணிவெளி ஒருபுறம், அதில் வைத்து ஆராயப்படும் தரவு மறுபுறம். 1970 இல் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட் ஒரு கட்டுரையை வெளியிட்டார். பெரிய, பகிர்ந்த தரவு வங்கிகளுக்கான உறவுமுறை மாதிரி என்பது அதன் தலைப்பின் கருத்து. 'பகிர்ந்த' என்னும் சொல் தலைப்பிலேயே இடம்பெற்றிருப்பதைக் கவனியுங்கள். தரவு வட்டில் எங்கே, எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அறியாமலேயே பயனர் அதனைக் கேட்டுப் பெற முடிய வேண்டும் என்பது அவர் கொள்கை. தரவை அட்டவணைகளாகக் காண்பதும், எஸ்கியூஎல் மொழியில் வினவுவதும் அக்கொள்கையின் பயன்கள்.

பலர் வினவலாம் என்றால், எவர் எதனை வினவலாம் என்ற கேள்வி எழும். 1976 இல் பட்ரீஷியா கிரிஃபித்ஸ், பிராட்ஃபர்ட் வேட் ஆகிய இருவரும் அதற்கொரு முறையை வகுத்தனர். அட்டவணையை உருவாக்கியவர் பிறருக்கு உரிமை வழங்கலாம். உரிமை பெற்றவர், அதற்கும் இசைவு இருந்தால், வேறொருவருக்கு வழங்கலாம். வழங்கியதை மீட்கவும் செய்யலாம். 'கிராண்ட்', 'ரிவோக்' என்னும் இரு கட்டளைகள் இவ்வாறு நிலைபெற்றன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கமலா தம் அட்டவணையைப் படிக்கும் உரிமையை வேலனுக்கு வழங்குகிறார். வேலன் அதனைச் செல்விக்கு வழங்குகிறார் என வைத்துக்கொள்வோம். பின்னர் வேலனிடமிருந்து கமலா உரிமையை மீட்டால், செல்வியின் நிலை என்ன? வேலன் வழியாக மட்டுமே அவர் உரிமை பெற்றிருந்தால் அவ்வுரிமையும் நீங்க வேண்டும். கமலாவிடமிருந்து நேரடியாகவும் பெற்றிருந்தால் நீங்கக் கூடாது. வாடகைக்கு விட்ட வீட்டை உள்வாடகைக்கு விடுவோரின் வழக்குப்போன்ற இச்சிக்கலை அவ்விருவரும் ஏரணமுறையில் தீர்த்தனர். இன்று முன்னணி மேகத் தரவுச் சேவைகளில் பணிவெளி அமைப்போர் தட்டச்சு செய்வது இதே சொற்களைத்தான்.

வீடு பிரிந்ததும் மீண்டும் கூடியதும்

1980களில் தனியாள் கணினி பரவியது. ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு பொறி என்றானதும் பகிர்வின் தேவை மங்கியதுபோல் தோன்றியது. நிறுவனங்கள் தத்தம் கட்டடத்துக்குள் வழங்கிக் கணினிகளை வாங்கி நிறுவின. கூட்டுக்குடும்பம் தனிக்குடித்தனங்களாகப் பிரிந்த காலம் எனலாம். ஆனால் பேரளவிலான பணி ஒன்று வந்தால் அதற்கான பொறிகளை வாங்கி நிறுவ வாரங்கள் பிடித்தன; பணி முடிந்ததும் அவை சும்மா கிடந்தன.

இணையம் வளர்ந்தபின் தரவு ஒரு பொறிக்குள் அடங்காத அளவுக்குப் பெருகியது. கூகல் நிறுவனத்தின் பொறியாளர்கள் 2003 இல் தம் கோப்பு முறையைப் பற்றியும், 2004 இல் 'மேப்ரிடியூஸ்' என்னும் கணிப்புமுறையைப் பற்றியும் கட்டுரைகள் வெளியிட்டனர். ஜெஃப் டீன், சஞ்சய் கேமாவத் ஆகியோர் இரண்டாம் கட்டுரையின் ஆசிரியர்கள். விலை குறைந்த ஆயிரக்கணக்கான கணினிகளிடையே வேலையைப் பகிர்ந்து, இடையில் சில பழுதானாலும் பணி நில்லாமல் நடக்கச் செய்வது அதன் சாரம். அக்கட்டுரைகளைப் படித்த டக் கட்டிங், மைக் கஃபரெல்லா ஆகியோரின் முயற்சியில் 'ஹடூப்' என்னும் திறமூல மென்பொருள் 2006 இல் உருவானது. கட்டிங்கின் சிறு மகன் தன் பொம்மை யானைக்கு வைத்திருந்த பெயரே அதன் பெயராயிற்று.

அதே 2006 மார்ச்சில் அமேசான் நிறுவனம் 'எஸ்3' என்னும் சேமிப்புச் சேவையைத் தொடங்கியது. ஒரு கிகாபைட்டுக்கு மாதம் 15 அமெரிக்கக் காசு கட்டணம். ஆகஸ்டில் 'ஈசி2' என்னும் கணிப்புச் சேவை வந்தது. ஒரு பொறிக்கு மணிக்கு 10 காசு.

இவற்றின் பயனை 2007 இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் முயற்சி ஒன்று உலகுக்குக் காட்டியது. 1851 முதல் 1922 வரை வெளிவந்த ஏறத்தாழ 11 மில்லியன் கட்டுரைகளின் படங்களைப் படிக்கத்தக்க கோப்புகளாக மாற்ற வேண்டியிருந்தது. மூலத் தரவு 4 டெராபைட்டு. பொறியாளர் ஒருவர் அதனை எஸ்3 சேமிப்பில் ஏற்றி, ஈசி2 சேவையில் 100 பொறிகளை வாடகைக்கு எடுத்து, ஹடூப் மென்பொருளால் 24 மணி நேரத்துக்குள் வேலையை முடித்தார். 100 பொறிகள், 24 மணி நேரம், மணிக்கு 10 காசு எனப் பெருக்கினால் 240 வெள்ளி. முடித்தபின் கோப்புகளில் ஒரு பிழை தென்பட்டது. மீண்டும் ஒருமுறை முழுவதையும் ஓட்டினார். 1957 இல் ஒரு காற்புள்ளிப் பிழைக்கு விலை ஒரு நாள். 2007 இல் 11 மில்லியன் கட்டுரைகளில் நேர்ந்த பிழைக்கும் விலை ஏறத்தாழ ஒரு நாள்தான். அரை நூற்றாண்டில் நேர்ந்த மாற்றத்தை வகுப்பில் விளக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது.

இன்றைய பணிவெளி

அடுத்து வந்த பத்தாண்டில் இன்றைய வடிவம் உருப்பெற்றது. 2009 இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மட்டெய் ஸஹாரியா 'ஸ்பார்க்' மென்பொருளைத் தொடங்கினார். அக்குழுவினர் 2013 இல் 'டேட்டாபிரிக்ஸ்' நிறுவனத்தை ஏற்படுத்தினர். 2012 இல் 'ஸ்னோஃப்ளேக்' நிறுவனம் தோன்றியது. கூகல் 'பிக்குவெரி' சேவையையும், அமேசான் 'ரெட்ஷிஃப்ட்' சேவையையும் வழங்கின. ஃபெர்னாண்டோ பெரெஸ் 2001 இல் தொடங்கிய ஐபைத்தான் என்னும் கருவி, 2014 இல் 'ஜூபிட்டர்' திட்டமாக விரிந்து, கட்டளையும் விளக்கவுரையும் வரைபடமும் ஒரே ஏட்டில் அமையும் முறையைப் பரவலாக்கியது. இன்றைய பணிவெளியைத் திறந்ததும் மாணவர் காண்பது பெரும்பாலும் இத்தகைய ஏட்டையே.

இச்சேவைகள் பலவற்றின் அடிப்படைக் கருத்து, சேமிப்பையும் கணிப்பையும் பிரிப்பது. நெல் களஞ்சியத்தில் இருக்கும். அரைவை இயந்திரம் தேவைப்படும்போது மட்டும் வாடகைக்கு வரும். களஞ்சியத்துக்கு மாத வாடகை குறைவு. இயந்திரத்துக்கு ஓடும் நேரத்துக்கேற்ற வாடகை. ஆகவே ஓடாத நேரத்தில் இயந்திரத்தைத் தானாக நிற்கச் செய்வது பணிவெளி அமைப்போரின் முதற்கடமைகளுள் ஒன்று. அதனை மறந்தவர்க்கு மாத இறுதியில் கட்டணச் சீட்டு நினைவூட்டும்.

பணிவெளி அமைக்கும்போது உண்மையில் நாம் விடை சொல்வது ஐந்து கேள்விகளுக்கு. தரவு எந்த நாட்டில், எந்த வட்டாரத்தில் தங்கும்? உள்ளே எவர் வரலாம், அவர் இன்னார் என்பதை எவ்வாறு உறுதிசெய்வது? வந்தவர் எதனைப் படிக்கலாம், எதனைத் திருத்தலாம்? எவருக்கு எவ்வளவு கணிப்பு நேரம், அதற்குப் பணம் கட்டுபவர் எவர்? எவர் என்ன செய்தார் என்பதைப் பதிவேடு குறித்துவைக்கிறதா? இரண்டாம் கேள்வியைக் கோர்பாட்டோ கேட்டார். நான்காம் கேள்வியை ஷெர் தம் செயலால் எழுப்பினார். மூன்றாம் கேள்விக்கு மல்டிக்ஸும், கிரிஃபித்ஸ், வேட் இருவரும் விடை கண்டனர்.

இன்னொரு வளர்ச்சியையும் குறிப்பிட வேண்டும். 2014 இல் வெளிவந்த 'டெராஃபார்ம்' போன்ற கருவிகள், பணிவெளியின் அமைப்பை எழுத்துவடிவில் எழுதிவைக்கும் வழக்கத்தைப் பரப்பின. பொத்தான்களை அழுத்தி அமைத்ததை எவரும் நினைவில் வைத்திருக்க முடியாது. எழுதிவைத்ததை மற்றொருவர் படிக்கலாம், திருத்தலாம், மீண்டும் அமைக்கலாம். வாய்மொழி வழக்கு எழுதப்பட்ட சட்டமாக மாறியதோடு இதனை ஒப்பிடலாம்.

திறந்து கிடந்த கதவுகள்

கருவிகள் இவ்வளவு வளர்ந்தும் பழைய தவறுகள் புதிய அளவில் நிகழ்கின்றன. 2017 இல் அமெரிக்க வாக்காளர்கள் ஏறத்தாழ 198 மில்லியன் பேரின் விவரங்கள், எஸ்3 சேமிப்பில் கடவுச்சொல்லே இல்லாமல் திறந்து கிடந்தது கண்டறியப்பட்டது. அச்சேவையில் 'பக்கெட்' எனப்படும் சேமிப்பிடம் உருவாகும்போது தனிப்பட்டதாகவே உருவாகும். அதனைப் பொதுவாக்குவது பயனரின் அமைப்பு. ஆயினும் இத்தகைய நிகழ்ச்சிகள் தொடர்ந்ததால், பொதுவாக்குவதை ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் பூட்டு ஒன்றை அமேசான் 2018 இல் சேர்த்தது. 2023 ஏப்ரல் முதல் புதிய பக்கெட்டுகள் யாவும் அந்தப் பூட்டுடனேயே உருவாகின்றன. இயல்பமைப்பு என்பது சிறிய செய்தியன்று. பெரும்பாலோர் அதனை மாற்றுவதில்லை.

2024 இல் ஸ்னோஃப்ளேக் சேவையின் வாடிக்கையாளர் கணக்குகள் பல தாக்குதலுக்கு உள்ளாயின. பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என எச்சரிக்கப்பட்ட நிறுவனங்கள் ஏறத்தாழ 165. விசாரணையில் வெளிப்பட்டது யாதெனில், அச்சேவையின் சொந்த அமைப்பு உடைக்கப்படவில்லை. முன்னரே திருடப்பட்ட கடவுச்சொற்களால் கதவு திறக்கப்பட்டது. அக்கணக்குகளில் இரண்டாம் அடையாளச் சோதனை நிறுவப்பட்டிருக்கவில்லை. ஆலன் ஷெர் அச்சுத்தாளை எடுத்துச் சென்று 62 ஆண்டுகள் கடந்தும், ஒரு சொல்லை மட்டும் நம்பிக் கதவை விட்டுவைத்தோர் இருந்தனர்.

நம் மண்ணில்

இவையெல்லாம் எங்கோ நடப்பவை என்று எண்ணிவிட வேண்டா. 2018 இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் களவாடப்பட்டன. அவர்களுள் ஏறத்தாழ 160,000 பேரின் மருந்து விவரங்களும் சென்றன. அன்றைய பிரதமரின் விவரங்களும் குறிவைக்கப்பட்டன. அத்தரவுத்தளம் மேகத்தில் இருந்ததன்று. ஆயினும் விசாரணைக் குழு சுட்டியவை நாம் கண்ட பழைய பாடங்களே: எளிதில் ஊகிக்கத்தக்க நிருவாகக் கடவுச்சொல், ஐயத்துக்குரிய அறிகுறிகளைக் கண்டும் உரிய வேளையில் மேலிடத்துக்குத் தெரிவியாமை. பூட்டு மட்டும் போதாது. பதிவேட்டைப் பார்ப்பவரும், பார்த்ததைச் சொல்பவரும் வேண்டும்.

மேகம் நம் மண்ணுக்கும் வந்துவிட்டது. அமேசான் 2010 ஏப்ரலில் சிங்கப்பூரிலும், 2024 ஆகஸ்டில் மலேசியாவிலும் தன் தரவு நிலைய வட்டாரங்களைத் திறந்தது. ஜொகூரில் தரவு நிலையங்கள் பெருகிவருவதை நாமே காண்கிறோம். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இல் இயற்றப்பட்டு 2013 இல் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரின் சட்டம் 2012 இல் இயற்றப்பட்டது. எனவே, தரவு எந்த வட்டாரத்தில் தங்கும் என்னும் கேள்விக்கு விடையளிப்பது நுட்ப வல்லுநரின் விருப்பம் மட்டும் அன்று; அது சட்டத்தையும் தொட்டது.

இதில் ஆசிரியர்களுக்குத் தனிப் பொறுப்பு உண்டு. வகுப்புப் பயிற்சிக்காக ஒரு பணிவெளியை அமைக்கும் ஆசிரியர், மாணவர்களின் மதிப்பெண் பட்டியலையே மாதிரித் தரவாக ஏற்றிவிடுவது எளிது. அடையாள எண்ணும் முகவரியும் அதனுடன் சென்றுவிடும். ஒரு மாணவனின் தேர்ச்சி நிலையோ குடும்ப வருமானமோ உடல்நலக் குறிப்போ வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிட்டால், மறுநாள் கடவுச்சொல்லை மாற்றுவதால் அந்தக் காயம் ஆறாது. பெயர் நீக்கிய தரவையோ, பொதுவில் வெளியிடப்பட்ட அரசுத் தரவையோ பயன்படுத்துவது முறை. ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கணக்கு, தேவைக்கேற்ற அனுமதி மட்டும், பாடம் முடிந்ததும் அனுமதியை மீட்டல் ஆகிய மூன்றையும் பாடத்தின் பகுதியாகவே கற்பிக்கலாம்.

முடிவுரை

அட்டைக் கட்டுடன் வரிசையில் நின்றவரும், இன்று ஒரே சொடுக்கில் நூறு பொறிகளை எழுப்புபவரும் செய்வது ஒன்றே: பிறரோடு பகிர்ந்து வாழும் ஒரு வீட்டில் தமக்கென ஓர் அறை கேட்கின்றனர். வீடு பெரிதாகிவிட்டது, அண்டையர் பெருகிவிட்டனர், அண்டையர் முகம் நமக்குத் தெரிவதில்லை. அதனாலேயே ஒழுங்கின் தேவை குறையவில்லை, கூடியிருக்கிறது.

கருவிகளின் பெயர்கள் மாறும். நம் மாணவர்கள் பணியில் சேரும்போது இன்று நான் குறிப்பிட்ட சேவைகளுள் சில மறைந்தும் போகலாம். ஆகவே எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைக் கற்பிப்பதோடு நில்லாமல், எவர் வரலாம், எதனைக் காணலாம், எவர் பொறுப்பு என்று கேட்கக் கற்பிப்போம். முதல் பணிவெளியைத் திறக்கும் மாணவர், தரவை ஏற்றுமுன் அந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி விடைகாணும் பழக்கத்தைப் பெற்றாரானால், இவ்வுரையின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்வேன்.